என் பங்குக்கு வந்த இரண்டு வரி

நடுவில் பிறப்பது பெரிய பாவம். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். அண்ணன் போட்டுக் கழித்த சட்டை எனக்கு வரும். என்னிடம் வந்து அது கிழிந்துபோவதால் தம்பிக்குப் புதுச் சட்டை கிடைக்கும். அண்ணன் சொன்னால் கேட்க வேண்டும், தம்பி கேட்டால் கொடுக்க வேண்டும். இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். பாட்டில் எனக்கு இரண்டே வரி ஒதுக்கினார்களே, அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. திருத்தணியில், மலையடிவாரத்துக்குப் போகிற தெருவில் எங்களுக்குத் தையல்கடை. மூன்று மிஷின், மூன்று அண்ணன் தம்பி. வாசல் ஓரத்து மிஷின் அண்ணனுடையது. பின்னால் ஜன்னல் ஓரத்து மிஷின் தம்பியுடையது. நடு மிஷின் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே காற்றும் வராது, வெளிச்சமும் வராது. கிருத்திகை வந்தால் காவடிக்காரர்களின் மஞ்சள் துணிக்கு ஓரம் அடிப்போம், மஞ்சள் பை தைப்போம். மற்ற நாட்களில் தாலுகா ஆபீஸ்காரர்களின் சட்டையும், பள்ளிக்கூடத்துப் பையன்களின் அரைக்கால் சட்டையும்.

கடைக்கு நேர் எதிரே ஒரு காப்பி ஓட்டல் இருந்தது. அதன் முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு கிராமபோன் பெட்டி வாங்கி வந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் தெருவே மாறிப்போனது. சினிமாப் பாட்டு பிளேட்டு ஓடும்போது ஒரு காப்பியை நாலு பேர் வாங்கி, அதை ஆற்று ஆற்று என்று ஆற்றிக்கொண்டே பாட்டு முடிகிறவரை உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி பார்த்தார். யுத்த காலத்தில் ஊசி கிடைப்பதில்லை என்று சொல்லி, ஒரு பிளேட்டைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அதற்கு மேல் போடமாட்டேன் என்று சட்டம் போட்டுவிட்டார்.

எங்கள் மூன்று பேருக்கும் பாட்டுப் பைத்தியம். நைனா பஜனை கோஷ்டியில் இருந்தவர். அவர் போகும்போது எங்களுக்கு விட்டுப்போனது மூன்று மிஷினும் ஒரு ஆர்மோனியமும்தான். அண்ணன் ஆர்மோனியம் பிடித்தார். நான் டோலக் தட்டினேன். தம்பிக்குக் கஞ்சிரா. ஆனால் பாட்டு வேண்டுமே? பாட்டு எதிர் ஓட்டலில் ஓடுகிறது, எங்கள் காதில் விழுவதோ மிஷின் சத்தம். மூன்று மிஷின் ஓடினால் பக்கத்தில் யானை பிளிறினால்கூடக் கேட்காது. மூன்றையும் நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கலாம் என்றால் அண்ணன் விடமாட்டார்.

"மூணு மிஷினும் ஒரே தபாவுல நின்னா, கடைய மூடிட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்கடா" என்றார் அண்ணன். "ஒண்ணு நிக்கட்டும். ரெண்டு ஓடட்டும்."

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. எதிரே பிளேட்டு சுற்ற ஆரம்பித்ததும் அண்ணன் காலை எடுத்துவிடுவார். அவர் மிஷின் நிற்கும், எங்களுடையது இரண்டும் ஓடும். அவர் வாசல் பக்கம் காதை நீட்டிப் பல்லவியைக் கேட்டு மனப்பாடம் பண்ணுவார். பல்லவி முடிந்ததும் கையைத் தூக்குவார். அவர் மிதிக்க ஆரம்பிப்பார், நான் நிறுத்துவேன். அனுபல்லவி எனக்கு. அது முடிந்ததும் நான் கையைத் தூக்கிவிட்டு மிதிப்பேன், தம்பி நிறுத்துவான். சரணம் அவனுக்கு. நாலைந்து நாள் இப்படிக் கேட்டால் அவரவர் பங்கு அவரவருக்குப் பாடமாகிவிடும். பிறகு சாயங்காலம் கடையைப் பெருக்கிவிட்டு உட்கார்ந்து மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு முழுப் பாட்டு. ஊரில் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரிப்பார்கள், வீட்டைப் பிரிப்பார்கள். நாங்கள் பாட்டைப் பிரித்துக்கொண்டோம்.

இதில் என் தலையெழுத்தைப் பாருங்கள். பல்லவி திரும்பத் திரும்ப வரும். ஆகவே அண்ணன் பாட்டு முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பார். சரணம் நீளம். அதிலும் இரண்டு சரணம், மூன்று சரணம் என்று இருக்கும். தம்பி கண்ணை மூடிக்கொண்டு குழைந்து குழைந்து பாடுவான், பெண்கள் பக்கம் சலசலப்பு அடங்கிவிடும். எனக்கு? இரண்டே வரி. எந்தப் பாட்டாக இருந்தாலும் இரண்டே வரி. மேல் சட்சமத்தைத் தொட்டுவிட்டு இறங்குவதற்குள் முடிந்துவிடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"ஏண்ணா, இந்தப் பாட்டுக்காச்சும் நான் சரணம் எடுத்துக்கறேன்."

"உன் மிஷின் நடுவுல கீது. நடுவுல இன்னா வருதோ அதானடா உனுக்கு" என்றார். மிஷினை மாற்றிப் போடலாம் என்றேன். நைனா போட்ட இடம், மாற்றக் கூடாது என்றார்.

இந்த ஏற்பாட்டில் கோளாறுகளும் உண்டு. ஒரு பாட்டில் அண்ணன் பல்லவி முடிந்துவிட்டது என்று அவசரப்பட்டுக் கையைத் தூக்கிவிட்டார். அது முடியவில்லை, நடுவில் பிடில் வந்ததைக் கேட்டு ஏமாந்துவிட்டார். நான் அவசரமாக நிறுத்தி, பல்லவியின் பாதியை அனுபல்லவி என்று பிடித்துக்கொண்டேன். நிஜமான அனுபல்லவியைத் தம்பி சரணம் என்று பிடித்துக்கொண்டான். நிஜமான சரணம் ஓடும்போது மூன்று மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. சரணமே இல்லாத அந்தப் பாட்டை ஒரு வருஷம் பாடினோம். அதில் கதாநாயகன் "அன்பே" என்று கூப்பிடுவான், கூப்பிட்டுக்கொண்டே இருப்பான், எதற்குக் கூப்பிட்டான் என்று கடைசிவரை சொல்லமாட்டான். அரக்கோணத்திலிருந்து வந்த ஒரு கல்யாணக் கூட்டத்தார்தான், "ஏம்ப்பா, கூப்ட்டாரே, இன்னாத்துக்குன்னு சொல்லவே இல்லியே" என்று கேட்டு மானத்தை வாங்கினார்கள்.

ஆனாலும் எங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. அந்த வருஷங்களில் எங்கே பார்த்தாலும் பிரதர்ஸ், பிரதர்ஸ் என்றுதான் நோட்டீஸ். இரண்டு பேர் சேர்ந்து தொண்டையைக் கனைத்தால் போதும், பிரதர்ஸ் ஆகிவிடுவார்கள். ஆர்.கே.பேட்டையில் ஒரு பாவாவும் பாமர்தியும், அதாவது மச்சானும் மைத்துனனும், கூசாமல் பிரதர்ஸ் என்று போட்டுக்கொண்டு கல்யாணங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் கலப்படமில்லாத பிரதர்ஸ். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கடைக்காரர்கள், ஒரே துணியில் வெட்டித் தைத்த சட்டைக்காரர்கள். ஊர்ப் பெயரை முன்னால் போட்டு, பின்னால் பிரதர்ஸ் என்று காப்பி ஓட்டல் முதலாளியே எங்களுக்குப் பெயர் வைத்தார். அம்மையார்குப்பத்து நெசவுக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் எங்களைக் கூப்பிடாமல் பந்தல் போடமாட்டார்கள் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. தெலுங்குப் பாட்டும் பாடுவோம், தமிழ்ப் பாட்டும் பாடுவோம். இரண்டிலும் எனக்கு இரண்டு வரிதான்.

ஒரு தடவை எனக்கு முறைக்காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். ஆர்.கே.பேட்டையில் கல்யாணம், ஒப்புக்கொண்டாகிவிட்டது. அண்ணனும் தம்பியும் போனார்கள். அண்ணியும் கூடப் போனாள். என் வரிகள் இல்லாமல் என்ன பாடி என்ன கிழிக்கப் போகிறார்கள் என்று கம்பளிக்குள் கிடந்து மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அவர்கள் திரும்பி வந்ததும் அண்ணியிடம் கேட்டேன்.

"அனுபல்லவிக்கு இன்னா பண்ணாங்க அண்ணி?"

"வுட்டுட்டாங்க. பல்லவி பாடி முடிச்சிட்டு நேரா சரணத்துக்குப் போய்ட்டாங்க."

"யாரும் ஒண்ணும் கேக்கலியா?"

"இல்லியே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒருத்தரு கேட்டாரு போல கீது" என்று இழுத்தாள். பொய் சொல்ல வராது அவளுக்கு. இரண்டு நாள் நான் கஞ்சி குடிக்கவில்லை. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பாடுகிறீர்களே, ஒருவர் பங்கு ஒருவருக்குத் தெரியாமலா போகும் என்று கேட்பீர்கள். என்னைப் பொறுத்தவரை சத்தியமாகத் தெரியாது. என் இரண்டு வரி எப்போது வரும், எப்போது வரும் என்று தாளத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதிலேயே என் உயிர் போய்விடும். அது முடிந்ததும் சரியாகப் பாடினோமா என்கிற யோசனை. மற்றவர்கள் பாடியது காதில் எங்கே ஏறும்? அண்ணனுக்கும் அதே கதைதான். ஆர்மோனியத்தில் ஸ்வரம் பிடிப்பார், வார்த்தை தெரியாது. தம்பியும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அடுத்தவன் பங்கை முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று அண்ணன் வேறு சட்டம் வைத்திருந்தார். ஒருநாள்கூட அவன் வாயிலிருந்து என் வரி வந்து நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தெரு முழுக்கப் பூவும் சேறும். காலை பத்து மணி இருக்கும், ஒருவர் கடைக்குள் வந்தார். புது மொட்டை, அதன்மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கூட்டத்தில் நெரிபட்டதில் ஜிப்பாவின் கை தோளோடு பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். தம்பி கையை வைத்துத் தைத்துக்கொண்டே, ஆசாமி இருப்பதை மறந்து, ஒரு சரணத்தைப் பாட ஆரம்பித்துவிட்டான். ஒரு பெண் தன் காதலனிடம் கிளியைத் தூது விடுகிற பாட்டு அது.

மொட்டைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மிஷின நிறுத்துப்பா" என்றார். பிறகு, "பாட்ட நிறுத்தாத" என்றார்.

மெட்ராஸில் ஒரு நாடகக் கம்பெனியின் வாத்தியாராம். பாடி நடிக்கிற இளவட்டம் ஒருத்தன் பட்டாளத்துக்கு ஓடிவிட்டானாம், அந்த இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறாராம். முருகனிடம் அதற்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டு மொட்டை போட்டாராம். "கேட்ட மறுநாளே குடுத்துட்டான் பாரு" என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நாங்க மூணு பேருங்க" என்றார் அண்ணன். "பிரதர்ஸ்."

"எனக்கு ஒருத்தர்தாம்பா வேணும்" என்றார் வாத்தியார். "குளத்தாண்ட சத்திரத்துல தங்கிகினு கீறோம். சாயங்காலம் நாலு மணிக்கு இட்டுகினு வா. எங்க ஆர்மோனியப் பெட்டிக்காரர் இருக்காரு. இந்தப் பாட்ட முழுசா, மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும், தனியா பாடட்டும். நல்லா இருந்திச்சின்னா திங்கக்கெழம ரயிலு ஏறி வந்துடலாம்."

தைத்து முடித்த ஜிப்பாவை மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். முழுசாக, தனியாக என்று சொன்னாரே, அந்த இரண்டு வார்த்தையும் எங்கள் மூன்று பேர் தலையிலும் உட்கார்ந்துகொண்டன. தம்பிக்குத் தெரிந்தது சரணம் மட்டும். மணியோ பத்தரை. எதிர் ஓட்டலில் அந்தப் பிளேட்டு காலையில் ஓடி முடிந்தாகிவிட்டது, இனி விளக்கு வைத்த பிறகுதான்.

அண்ணன் உடனே மிஷினை விட்டு எழுந்தார். பல்லவியை நாலு தடவை சொல்லிக்கொடுத்தார். தம்பி கற்பூரம், நாலு தடவை தேவையே இல்லை. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

"சின்னண்ணா" என்றான் தம்பி, "உன் ரெண்டு வரிய கொஞ்சம் சொல்லிக்குடேன்."

"முடியாது" என்றேன்.

"டேய், வெளையாடாத" என்றார் அண்ணன்.

"நான் இன்னாத்துக்கு வெளையாடறேன்? ஆர்.கே.பேட்டையில வுட்டுட்டுப் போனீங்க இல்ல, அதே மாதிரி இங்கயும் வுட்டுட்டுப் பாடட்டும். யாரும் கேக்க மாட்டாங்க. என் பங்கு என்னுது. மிஷின மாத்த மாட்டேன்னீங்க இல்ல? நானும் மாத்த மாட்டேன்."

அண்ணன் திட்டினார். நைனா மேல் ஆணை என்றார். நான் அசையவில்லை. கோபம் என்று அவர்கள் நினைத்தார்கள், நானும் கோபம் என்றுதான் நினைத்தேன். உண்மையில் எனக்குப் பயம். என் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்த பயல். அவனுக்கு மொட்டை போட மலைப்படி முழுக்கத் தூக்கிக்கொண்டு ஏறியவன் நான். அவன் போய்விட்டால் ஜன்னல் ஓரத்து மிஷின் சும்மா நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படித் தைப்பேன்? ஊருக்கே கேட்கும்படி அழுதிருந்தால் தேவலாம். எனக்கு அழவராது, சண்டைதான் வரும்.

தம்பி திரும்பக் கேட்கவில்லை. "சரி சின்னண்ணா" என்றான். போய்க் குளித்துவிட்டு, எங்கள் கச்சேரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். அண்ணன் கடையை என்னிடம் விட்டுவிட்டு அவனோடு சத்திரத்துக்குப் போனார்.

நான் தைத்தேன். ஒரு பையின் வாயையும் சேர்த்து அடித்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன். மறுபடியும் வாயை அடைத்துத் தைத்தேன். பின்கட்டிலிருந்து அண்ணி வந்து பார்த்தாள். அவள் நகரிப் பக்கத்துப் பெண். கொழுந்தனை அவர்கள் தெலுங்கில் மரிதி என்பார்கள். மரியாதை காட்டும் 'காரு'வை அதோடு சேர்த்துவிட்டாள் என்றால் எனக்கு ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"இன்னா மரிதிகாரு, துணிய வீணாக்கிகினு இருக்கீங்க? எழுந்து போங்க சத்திரத்துக்கு."

"நான் இன்னாத்துக்குப் போவணும்?"

"உங்க தம்பி பாதியில தெரியாம முழிக்கறதப் பாக்க வாணாமா? அதுக்குத்தான ஒளிச்சி வெச்சிகினீங்க? போயி கண்ணாரப் பாத்துட்டு வாங்க. கடைய நான் பாத்துக்கறேன்."

சுருக்கென்று இருந்தது. "ஆமா, பாக்கத்தான் போறேன்" என்று எழுந்துவிட்டேன். பொய்யில்லை. அவன் முழிக்க வேண்டும், தோற்க வேண்டும், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து ஜன்னல் ஓரத்தில் உட்கார வேண்டும் என்றுதான் வழி முழுக்க வேண்டிக்கொண்டு நடந்தேன். முருகனுக்கு அன்று ஒரே விஷயத்தில் இரண்டு வேண்டுதல்.

சத்திரத்துக் கூடத்துக்குத் தெருப் பக்கம் கம்பி போட்ட ஜன்னல். அதன் ஓரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே பாயில் வாத்தியார், அவருக்குப் பக்கத்தில் மீசை வைத்த பெட்டிக்காரர், சுவரோரம் அவர்கள் கூட வந்த நாலைந்து பேர். அண்ணன் கைகட்டி நின்றிருந்தார். தம்பி நடுவில் உட்கார்ந்திருந்தான்.

பல்லவியை எடுத்தான். அடேயப்பா! அண்ணன் இத்தனை வருஷம் பாடிய பல்லவியா இது என்று இருந்தது. வாத்தியாரின் தலை தானாக ஆடியது. பல்லவி முடிந்ததும் பெட்டிக்காரர் அனுபல்லவிக்கு ஸ்வரம் வாசித்து எடுத்துக்கொடுத்தார். தம்பி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

பெட்டிக்காரர் மறுபடியும் எடுத்துக்கொடுத்தார். அதே கதை. திறந்த வாய் திறந்தபடி இருந்தது. மூன்றாவது தடவையும் வாசித்தார். அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது தெரிந்தது. 'சரணத்துக்குப் போடா' என்று சைகை காட்டினார். அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, தெருப் பக்கம் திரும்பியிருந்தான். நான் நினைத்தது நடந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நான் சும்மா நின்றால் போதும், தம்பி எங்களுக்குத்தான்.

பெட்டிக்காரர் கையை எடுத்துவிட்டார். "பாதிப் பாட்டுக்காரனா?" என்று சொல்லி மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். சுவரோரத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. எவன்டா என் தம்பியைப் பார்த்துச் சிரிக்கிறது? அவனைத் திட்ட நான் இருக்கிறேன், அடிக்க அண்ணன் இருக்கிறார், சிரிக்க நீ யார்? ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஸ்வரமும் இல்லாமல் பெட்டியும் இல்லாமல், என் இரண்டு வரியையும் அடித்தொண்டையிலிருந்து பாடினேன். 'என்னை மறந்துவிட்டாரா என்று கேட்டு வா' என்று கிளியிடம் கெஞ்ச வேண்டிய வரிகள். நான் பாடிய பாட்டுக்கு அந்தக் கிளி செத்துப்போயிருக்கும். குளத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஜட்கா வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

நான் முடித்த இடத்தில், மூச்சு விடுகிற நேரம்கூட இடைவெளி இல்லாமல், உள்ளேயிருந்து தம்பி சரணத்தை எடுத்தான். எங்கள் கல்யாணக் கச்சேரிகளில் அவன் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. அல்லது அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். பெட்டிக்காரர் சிரிப்பை விட்டுவிட்டு அவசரமாகப் பெட்டிமேல் கையை வைத்தார்.

பாட்டு முடிந்ததும் வாத்தியார் ஜன்னலைப் பார்த்து, "யாருப்பா அது?" என்றார்.

"என் தம்பிதாங்க. நடுவுலவன்" என்றார் அண்ணன்.

"நல்லாத்தான் கத்தறான். ஆனா எனக்கு ஒருத்தர்தான் வேணும்" என்றார் வாத்தியார். பிறகு தம்பியைப் பார்த்து, "நீ திங்கக்கெழம வந்துடு. அந்த நடு வரிய மட்டும் உங்க அண்ணன் கிட்ட சுத்தமா பாடம் பண்ணிகினு வா" என்றார்.

நான் அங்கே நிற்கவில்லை. விடுவிடுவென்று நடந்து குளத்துப் பக்கம் போய்விட்டேன். அண்ணன் உள்ளே வாத்தியாரோடு பேசிக்கொண்டிருக்க, தம்பி மட்டும் என் பின்னாலேயே ஓடிவந்தான். வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"நிக்கிறான் பாரு, வாயப் பொளந்துகினு! தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டு வரவேண்டியதுதானடா? அத்தினி பேரு முன்னாடி மானத்த வாங்கினியே!"

அவன் மெதுவாக, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில், பாட ஆரம்பித்தான். என் இரண்டு வரி. ஓர் எழுத்துப் பிசகவில்லை. இரண்டாவது வரி முடிகிற இடத்தில் நான் ஒரு சின்ன வளைவு போடுவேன். அது பிளேட்டில் கிடையாது. இருப்பதே இரண்டு வரி, அதையாவது கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம் என்று நானாகச் சேர்த்தது. இதுவரை ஒருவரும் அதைக் கவனித்துச் சொன்னதில்லை. அந்த வளைவையும் போட்டுத்தான் முடித்தான்.

"உனுக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஆங்."

"எப்பத்திலேர்ந்துடா?"

"எல்லாப் பாட்டும் தெரியும் சின்னண்ணா. உன் பக்கத்துலதான இத்தினி வருசமா குந்திகினு கீறேன். நீ பாடும்போது கேக்காம வேற இன்னா செய்வேன்?"

"அப்பறம் இன்னாத்துக்குடா நின்னே? பாடிட்டுப் போவ வேண்டியதுதான?"

அவன் கீழே பார்த்தான். "பெரியண்ணன் போன்னு சொல்லிடுச்சி. நீ சொல்லல. நீ சொல்லாம நான் எப்டி போறது? அதான் நீயே எடுத்துக் குடுக்கட்டும்னு நின்னேன்."

"நான் எடுத்துக் குடுக்காம இருந்திருந்தா?"

"வூட்டுக்கு வந்திருப்பேன். பை தெக்கிற வேல பாக்கி கீதுல்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, குத்தியும் சொல்லவில்லை. "பெட்டிக்காரரு மூணு தபா வாசிச்சாரு. மூணு தபாவும் உன்னத்தான் பாத்துகினு இருந்தேன். ஜன்னலாண்ட உன் மொட்டு மூக்கு தெரிஞ்சிது."

அப்படியானால் அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மூன்று தடவையும் நான் வேண்டுமென்றே சும்மா நின்றது தெரியும். எதற்காக நின்றேன் என்பதும் தெரிந்துதான் இருக்கும். எனக்கு வெட்கமாகிவிட்டது. வாழ்க்கையில் நான் அப்படி வெட்கப்பட்டது அந்த ஒரே தடவைதான். என்ன செய்வது என்று தெரியாமல் அவன் பிடரியில் பளாரென்று ஒன்று வைத்தேன். "போடா. போயி மூணு பங்கையும் நீயே பாடு" என்றேன்.

பிடரியைத் தடவிக்கொண்டே அவன் சிரித்தான். "அந்தக் கடேசி வளைவு எனக்கு இன்னும் சரியா வரல சின்னண்ணா. ரயிலு ஏறத்துக்குள்ள ஒரு தபா சொல்லிக்குடு" என்றான்.

அது சரியாகத்தான் வந்திருந்தது. இருந்தாலும் குளத்துப் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.